மரத்திலேயே கனிந்த பேரிக்காய்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். புனாவுக்குப் போக, பக்கத்துக் கட்கியில் லோக்கல் ரயில் ஏறினேன். எதிரே ஓர் அண்ணனும் தங்கையும், கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர்கள்.

"அம்மா வீட்டு வாசல்ல காட்டெருமை வந்து மூச்சு விடுதாம்ணே," என்றாள் தங்கை.

"ஏன்? பழ வாசனைக்கா? பேரிக்காய காயிலயே பறிச்சு வீட்டுல பழுக்க வைக்கலையா?"

"நீ வந்து பறிப்பேன்னு அம்மா மரத்துலயே விட்டிருக்கு."

"நாட்டுக்காய் கல்லு மாதிரில்ல கெடக்கும்?"

"இது ஒட்டு மரம்ணே. கனிஞ்சு மணக்குது. உனக்குன்னு விடியக்கால தனியா போய் உதிர்ந்தத அம்மா பொறுக்குது."

"போகாதன்னு சொல்றதுதானே?"

"நேத்திலேருந்து போன் அடிக்கிறேன். எடுக்கல."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். புனா ஸ்டேஷனில் வண்டி நிற்குமுன் குதித்தான்.

மகளே கவிதா, என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை; நான் எழுதியதைப் படித்துக் காட்டு. அந்த அம்மாவுக்கு போன் மணி கேட்டிருக்காது, வேறொன்றும் இருக்காது என்று எழுதினேனா, பார்.