சிலைக்கு ஒரு முகம்

ஸ்வாவா: ...அதனால நாளைக்குக் காலைல சிற்பி வர்றாரு அத்தை. நீங்க சும்மா இந்த ஜன்னல் பக்கம் உக்காந்தா போதும். மூஞ்சிய மட்டும் களிமண்ணுல பிடிச்சிட்டுப் போயிடுவாரு.

ஓட்னி: என் மூஞ்சிய நான் குடுக்கறதா இல்ல.

பிராகி: காபி ஆறுது ஸ்வாவா. குடி.

ஸ்வாவா: குடிக்கிறேன் மாமா. அத்தை, உடம்பு மொத்தமும் தயார். கையி, காலு, கையில கோஷப் பலகை, தோள்ல குழந்தை, எல்லாம் வந்தாச்சு. கழுத்துக்கு மேலதான் காலியா நிக்குது.

ஓட்னி: அப்படியே விட்டுடு. தலை இல்லாமத்தானே நம்ம ஊராட்சியே ஓடுது.

ஸ்வாவா: விளையாடாதீங்க. இது ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. மியூசியத்துல நான் ஒருத்தியா உக்காந்து முடிவு பண்ணல. அந்தப் பழைய எழுபத்தஞ்சு ஸ்ட்ரைக் போட்டோவைப் பெருசு பண்ணி நீச்சல்குளத்துல, வெந்நீர்த் தொட்டிக்கு எதிர்க்க மாட்டினேன். இதுல யார் யார் இருக்காங்க, இவங்கள்ல யாரைச் சிலையா வைக்கலாம், நீங்களே சொல்லுங்கன்னு கேட்டேன். ஊர்ல ஒரு ஆள் பாக்கியில்லாம, தொட்டில ஊறிக்கிட்டே...

ஓட்னி: அங்கதான் தப்புப் பண்ணிட்ட. கழுத்தளவு வெந்நீர்ல கெடக்குறவன் எதுக்கு வேணாலும் தலையாட்டுவான்.

ஸ்வாவா: தலையாட்டல அத்தை, சண்டை போட்டாங்க. கடைசில எல்லாரும் ஓரத்துல நிக்கிற அந்த ஒருத்திக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. தோள்ல ஒரு பிள்ளை, இடுப்புல ஒரு பிள்ளை, இன்னொரு கையில பலகை. அந்தப் பனிமழைலயும் அசையாம நிக்கிறா. 'தோளைப் பாருய்யா... ஐஸ்லாந்துப் பொம்பளைன்னா இவதான்'னு ஹார்பர் ஆளுங்க எல்லாம் ஒரே பேச்சு.

பிராகி: அப்படியா... தோளைப் பத்தியா சொன்னாங்க?

ஓட்னி: நீ பான்கேக்கைத் தின்னு பிராகி.

பிராகி: இல்ல, யார் சொன்னாங்கன்னு கேட்டேன்...

ஓட்னி: தின்னுன்னா தின்னு.

ஸ்வாவா: அப்புறம் உங்க பையன் டோரிக்கு அந்தக் காலத்துல பாடம் எடுத்த வாத்தியார் சொன்னாரு, அந்த நிக்கிற தோரணையிலயே ஒரு தாய்மை தெரியுதாம்.

பிராகி: க்ஹும்... க்ஹும்...

ஸ்வாவா: மாமா, தண்ணி வேணுமா?

ஓட்னி: விடு. தாய்மை தொண்டைல சிக்கிடுச்சு.

ஸ்வாவா: ஏன் அத்தை எல்லாத்தையும் கிண்டல் பண்றீங்க? எழுபத்தஞ்சுல அந்த ஒரு நாள் இந்த நாட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் அடுப்பையும் போட்டுட்டு, ஆபீசையும் போட்டுட்டு, தெருவுல வந்து நின்னாங்க. அப்பதான் ஆம்பளைங்களுக்கு வீடு எப்படி ஓடுதுன்னே புரிஞ்சது. எங்கப்பா எங்களுக்கு மூணு வேளையும் சாசேஜ்தான் போட்டாராம். கடையிலயும் சாசேஜ் தீந்துபோச்சாம். நம்ம ஊர்ல மீன் ஃபேக்டரியையே மூட வச்சது யாரு? வீடு வீடாப் போய்ப் பேசினது யாரு? எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லுவா, 'ஓட்னி வந்து கதவைத் தட்டலேன்னா நான் வெளிய வந்திருக்கவே மாட்டேன்'னு.

ஓட்னி: உங்கம்மா கதவைத் தொறக்கறதுக்குள்ள என் விரல் வீங்கிடுச்சு. அது நெசம்.

ஸ்வாவா: பாத்தீங்களா. பலகை எல்லாம் எழுதினதும் நீங்கதானே?

ஓட்னி: நான்தான். ராத்திரில உக்காந்து எழுதினேன். பிள்ளைங்க தூங்கின அப்புறம். பகல்ல ஃபேக்டரி, சாயங்காலம் வீடு வீடாப் போய்க் கெஞ்சுறது, ராத்திரி பெயிண்ட். அதையெல்லாம் யாரும் போட்டோ எடுக்கல.

ஸ்வாவா: அதான் இந்த ஒரு போட்டோல மாட்டிக்கிட்டீங்க.

ஓட்னி: அது நான் இல்லடி.

ஸ்வாவா: அடக்கம் போதும் அத்தை.

பிராகி: அவளுக்கும் அடக்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? அவ இல்லேங்கிறா, விட்டுடேன். வேற யாரையாவது வைங்க. நடுவுல நிக்கிறவ கூட நல்லாத்தான் இருக்கா.

ஸ்வாவா: மாமா, ஊர் கண்டுபிடிச்சதே ஸ்வெட்டரை வச்சு. மூஞ்சி தெரியலதான். தலைல கட்டின துணி பாதி மறைக்குது, பிள்ளையோட பூட்ஸ் பாதி மறைக்குது. ஆனா கழுத்தைச் சுத்தி அந்த அலை, அதுக்கு மேல கடல்காக்காக் கால் மாதிரி ஒரு பின்னல்... அதை இந்த ஊர்ல அத்தையைத் தவிர வேற யார் போடுவா? நம்ம ஊர்ல மூஞ்சிய மறந்தாலும் மறப்பாங்க, ஸ்வெட்டரை மறக்க மாட்டாங்க. போட்டோவை மாட்டின அன்னிக்கே ஆளாளுக்கு 'ஓட்னி, ஓட்னி'ன்னு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயிட்டாங்க.

ஓட்னி: ஸ்வெட்டருக்கே ஓட்டுப் போட்டாங்கன்னா ஸ்வெட்டருக்கே சிலை வைக்க வேண்டியதுதானே.

ஸ்வாவா: சரி. நீங்க வரலேன்னா நான் என்ன பண்ணணும்னு தெரியுமா? சிற்பிக்கு ஒரு மூஞ்சி வேணும். ரக்னா பாட்டி நேத்து மியூசியத்துக்கே வந்துட்டாங்க. அந்தப் படத்துல இருக்கறது தான்தானாம். ஸ்வெட்டர் உங்ககிட்ட இரவல் வாங்கினதாம்.

ஓட்னி: யாரு... ரக்னாவா?

ஸ்வாவா: முடி வேற வெட்டிக்கிட்டு வந்திருந்தாங்க.

ஓட்னி: அந்த ரக்னா அன்னிக்கு ஃபேக்டரிக்குள்ள மேனேஜருக்குக் காபி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாடி. ஊர்ப் பொம்பளை அத்தனை பேரும் வெளிய நிக்கிறப்ப, ஒருத்தி மட்டும் உள்ள. ஜன்னல் வழியா வேடிக்கை வேற பாத்தாளாம்.

ஸ்வாவா: அப்ப நீங்க அங்க நின்னீங்க. நின்னதாலதானே தெரியுது.

ஓட்னி: ...மறுநாள் சொன்னாங்க.

ஸ்வாவா: மறுநாளா?

பிராகி: வானம் இருட்டிக்கிட்டு வருது ஸ்வாவா. மலைப்பாதை வழுக்கும். இப்பவே கெளம்பினா...

ஸ்வாவா: நான் தெரு முனைல இருக்கேன் மாமா. எந்த மலைப்பாதை? ரெண்டு பேரும் எதையோ மறைக்கிறீங்க. அத்தை, நெசமாச் சொல்றேன், எனக்கு அழுகையா வருது. நம்ம ஊர்ல மொத்தம் மூணு சிலை. ஒரு கப்பல்காரன், ஒரு பாதிரியாரு, ஒரு ஆட்டுக்கடா. ஆடு வச்சவன் கூட பொட்டை ஆடா வைக்கல. இந்த ஊர்ல ஒரு பொம்பளை நிக்கணும்னு நாலு வருஷமாக் கத்திக்கிட்டு இருக்கேன். இப்பதான் ஊர் தானா வந்து கை தூக்கிச்சு. அதுக்கு நீங்களே குறுக்க விழுந்தா நான் எங்க போவேன்?

ஓட்னி: அழாதடி. மூக்கைத் துடை.

ஸ்வாவா: பின்ன என்ன? ரக்னா பாட்டி மூஞ்சிய வைக்கவா? காலத்துக்கும் அது அங்கயே நிக்கும். நீங்க ரொட்டி வாங்கப் போறப்பெல்லாம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் போகணும்.

ஓட்னி: பிராகி.

பிராகி: வேணாம்.

ஓட்னி: நான் சொல்லப்போறேன்.

பிராகி: நீ சத்தியம் பண்ணியிருக்க.

ஓட்னி: நீ படகுக்குப் போற வரைக்கும்னு பண்ணினேன். நீ படகை வித்தே எவ்வளவு காலமாச்சு.

பிராகி: வெந்நீர்த் தொட்டிக்கு இன்னும் போய்க்கிட்டுத்தானே இருக்கேன். அங்க உக்காந்திருக்கிறவனுங்க எல்லாம் அதே படகுக்காரனுங்கதான்.

ஸ்வாவா: என்ன சத்தியம்? அத்தை, அந்த ஸ்வெட்டர் உங்களுதுதானே?

ஓட்னி: பின்னினது நான்தான். போட்டுக்கிட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?

ஸ்வாவா: பின்ன யாருக்குப் பின்னினீங்க?

ஓட்னி: கட்டின புருஷனுக்குத்தான். வேற எவனுக்குப் பின்னுவேன்?

ஸ்வாவா: ...மாமா?

பிராகி: காது வலிம்மா.

ஸ்வாவா: என்ன?

பிராகி: அன்னிக்கு எனக்குக் காது வலி. ஊசி மாதிரி காத்து. கதவுகிட்ட இவளோட பூப்போட்ட துணி தொங்கிச்சு, எடுத்துக் கட்டிக்கிட்டேன். அவ்வளவுதான். நான் ஒண்ணும் பொம்பளை வேஷம் போடல. ரப்பர் பூட்ஸும் மீன் ஏப்ரனும் எல்லாரும் போடுறதுதானே.

ஸ்வாவா: பலகை?

பிராகி: பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஃபேக்டரிப் பக்கம் நடந்தேன். உங்கம்மாதான், 'அண்ணே, இதைக் கொஞ்சம் பிடி, மூக்கைச் சிந்திட்டு வந்துடறேன்'னா. பிடிச்சேன். அந்த நேரம் பாத்து ஒருத்தன் கேமராவைத் தூக்கிட்டான்.

ஸ்வாவா: அம்மாவுக்குத் தெரியுமா?

ஓட்னி: தெரியும். படத்தைப் பேப்பர்ல பாத்துட்டு ஒரு வாரம் சிரிச்சா. உங்க மாமாதான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. படகுல தெரிஞ்சா இவரை அக்கான்னு கூப்பிட்டே கொன்னுடுவானுங்களாம்.

ஸ்வாவா: கடவுளே... கப்பல்காரன், பாதிரியாரு, ஆட்டுக்கடா... நாலாவதா எங்க மாமாவா? ஊரே கூடிப் பொம்பளைக்குச் சிலை வைக்கக் கெளம்பி, அதுலயும் ஒரு ஆம்பளையைத்தான் பொறுக்கி எடுத்திருக்கோமா?

பிராகி: ஓட்டு விழுந்தது நெசம்தானே...

ஓட்னி: பாத்தியா, ஆசையை. தோளை யார் சொன்னாங்கன்னு கேக்கறப்பவே தெரிஞ்சது.

ஸ்வாவா: இதை நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? வாத்தியாரு தாய்மைன்னாரே.

ஓட்னி: ரெண்டு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்தக் காத்துல நின்னாரில்ல. அதுக்கு வேற என்ன பேரு? அந்த வாத்தியாரு தப்பாச் சொல்லல.

ஸ்வாவா: அது சரி அத்தை... ஊரையே வெளிய கொண்டு வந்தது நீங்க. பலகை எழுதினது நீங்க. எங்க வீட்டுக் கதவு, பக்கத்து வீட்டுக் கதவு, எல்லாத்தையும் தட்டினது நீங்க. மாமா பிள்ளைங்களோட அங்க நிக்கிறாரு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க? தலைநகர் ரெய்க்யவிக்ல நடந்த கூட்டத்துக்குப் போயிட்டீங்களா?

பிராகி: போகல.

ஸ்வாவா: பின்ன? உடம்பு சரியில்லையா? சண்டையா?

பிராகி: காலைல நான் எட்டிப் பாத்தேன் ஸ்வாவா. கையில பெயிண்டுகூடக் கழுவல. எனக்கு மனசு வரல. டோரி அழ ஆரம்பிச்சான், அவன் வாயைப் பொத்தி வெளிய தூக்கிட்டு வந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஊரைச் சுத்திச் சுத்தி வந்தோம்.

ஸ்வாவா: எதுக்கு?

ஓட்னி: நான் தூங்கினேன்டி. எல்லாப் பொம்பளையும் இன்னிக்கு வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நான்தானே? செய்யல. கல்யாணம் ஆன நாளா அன்னிக்குத்தான் என்னை யாரும் எழுப்பல, அவ்வளவு சுகமா இருந்துச்சு... சிற்பியை நாளைக்கு வரச் சொல்லு, மூஞ்சிய எடுத்துக்கட்டும். ஆனா நிக்க வைக்காதீங்க, படுக்க வைங்க.