பாடு என்றால் என்னவென்று கேட்டார்கள்

எனக்குப் போனில் பேசப் பிடிக்காது. எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். நீங்கள் போனிலேயே சொல்லலாம் என்றீர்கள். அதற்காகவே பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி நேரில் வந்தேன். சட்டையில் சுருக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னேரி வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.

என் பெயர் செங்கல்வராயன். பழவேற்காட்டு ஏரியில் உரிமையுள்ள குடும்பத்தைத் தலைக்கட்டு என்போம், அதில் முதல் தலைக்கட்டு எங்களுடையது. வெளியூர்க்காரரான உங்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் இறால் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. இன்று ஒரு குடும்பம், நாளை வேறு குடும்பம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து பாடு கூப்பிடும்போது முதலில் எங்கள் வீட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள்.

என் தம்பி கேசவன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். அவன் மனைவி தனக்கோடி. மகன் இளவழகன். என் மகன் தனசேகரும் அவனும் ஒரே வயது. ஒரே நாளில்தான் கடற்படை ஆள் தேர்வுக்குப் போனார்கள். கண் பரிசோதனையில் என் மகனைத் திருப்பி அனுப்பினார்கள். இளவழகனை எடுத்துக்கொண்டார்கள். சேகர் இப்போது மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். நல்ல பையன். ஆனால் ஒரு வீட்டின் தலைமகன் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இளவழகனை ஒரு போர்க்கப்பலில் போட்டார்கள். பத்திரிகையில் நாசகாரிக் கப்பல் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அதில் ஏறிய நாளிலிருந்து ஒரு வருடம் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை.

கப்பலின் உடம்பைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. துருவைச் சுத்தியலால் தட்டிச் சுரண்டுவான், சிவப்புப் பூச்சு அடிப்பான், அதன்மேல் சாம்பல் பெயின்ட் அடிப்பான். ஒரு முனையில் முடித்துத் திரும்பினால் மறுமுனையில் துரு பூத்திருக்குமாம். அவனே ஒருமுறை போன் ஸ்பீக்கரில் சொன்னான். "சண்டைக் கப்பல்னு பேருதான் பெரிப்பா. வருசம் முழுக்க நாங்க சண்டை போடறது துருவோடதான்." சுற்றி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முன்பெல்லாம் வலை வேலை என் வீட்டு வாசலில்தான் நடக்கும். அந்த வருடம் அது மெல்லத் தனக்கோடி வீட்டு வாசலுக்கு நகர்ந்தது. யாரும் முடிவுசெய்து போகவில்லை. அங்கே போன் வரும், அவ்வளவுதான். கப்பலைப் பழுதுபார்க்க உலர்துறையில் ஏற்றியபோது அடியெல்லாம் கொட்டலசு, அந்தக் கல்போன்ற ஓட்டுப்பூச்சி, ஒட்டியிருந்தது என்று அவன் சொன்னான். அதைக் கேட்டுக் கிழவர்களுக்குக்கூடச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம படகுல ஒட்டற அதே கொட்டலசாடா? அத்தாம் பெரிய கப்பல்லயும் அதேதானா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். கொட்டலசைச் சுரண்டும் வழி நான் சொன்னால் கேட்காதவர்கள், அவன் சொல்ல வாய் பிளந்து கேட்டார்கள்.

கோபால் என்று ஒருவன், எனக்குக் கீழ்த் தலைக்கட்டு. ஒருநாள் என் முகத்துக்கு எதிரே சொன்னான். "இன்னாண்ணே, உன் பையன் கம்பெனில பைப்பு திருவறான். உன் தம்பி பையன் நாட்டையே காவ காக்கறான். ஒரே வயித்து வம்சம்தானே, எங்கியோ மாறிப் போச்சே." விளையாட்டுக்குத்தான் சொன்னான். அந்த மாதம் அவன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போகவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

கப்பல் எப்போது கிளம்பும், எங்கே போகும் என்று வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டம். இளவழகன் அதில் கண்டிப்பானவன். ஆனால் போன் நின்றுபோனால் தனக்கோடி சோறு தின்னமாட்டாள். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "கடலுக்குப் போறதுன்னா பாடு வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லுடா. எங்க, எப்போன்னு எனக்கு வாணாம்." அதிலிருந்து அவன் குரல் செய்தி அனுப்புவான். "பாடு வந்துடுச்சும்மா" என்றால் கொஞ்ச நாள் போன் வராது. "பாடு முடிஞ்சுது" என்றால் திரும்பிவிட்டான். "கரை ஏத்திட்டாங்க, வலை பாத்துக்கினு கீறோம்" என்றால் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கிறது, பயமில்லை. ஒரு தாயைத் தூங்கவைக்கிற பேச்சு. அதில் வேறு எதுவும் இல்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் பாடு எங்கள் சொத்து, ஐயா. அவன் அதை எடுத்து ஒரு இரும்புக் கப்பலுக்கு வைத்தான். ஊரில் பிள்ளைகள் பாடு விளையாட்டு என்று கப்பல் விளையாடினார்கள்.

அந்த வருடக் கடைசியில் எஞ்சின் நின்று நடுக்கடலில் மிதந்த ஒரு படகை அந்தக் கப்பல் மீட்டது. படகில் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். வந்து சொன்னார். "மேலருந்து ஒரு தம்பி, 'அண்ணே, பழவேற்காடா?'ன்னு கேட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு." அதற்குப் பிறகு இளவழகன் லீவில் வந்தபோது அவனைப் பஸ் நிறுத்தத்திலிருந்தே மேளம் வைத்து அழைத்துவந்தார்கள்.

எல்லம்மன் திருவிழா அந்த வாரம்தான். முதல் தலைக்கட்டின் மூத்த ஆணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் கட்டிக்கொள்கிறேன். அன்றும் தலையைக் குனிந்து நின்றேன். பூசாரி என்னைத் தாண்டிப் போனார். பஞ்சாயத்தார் முதல்நாளே பேசிவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சீருடையில் நின்ற இளவழகன் தலையில் பட்டுத்துணியைச் சுற்றினார்கள்.

அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். ஊர் தவறு செய்யும், பிறகு திருந்தும். ஆனால் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? துணியை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தான். "இன்னா பெரிப்பா இது, உங்க எதுர நான் கட்டிக்கினா எங்கப்பா சும்மா உடுவாரா?" என்று சிரித்தபடியே தன் கையால் என் தலையில் கட்டிவிட்டான். ஊரே கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெரிய மனசு" என்று கோபால் சொன்னது என் காதில் விழுந்தது. என்னைச் சொல்லவில்லை.

பாட்டன் காலத்து மரியாதையை என் தம்பி மகன் கையிலிருந்து நான் தானமாக வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து துணியை மடித்துவைத்தேன். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் எது மேலே, எது கீழே என்ற வரிசை கலைந்தால் யாராவது அதைத் திரும்ப அடுக்க வேண்டும். அது மூத்தவனின் வேலை.

திருவிழா முடிந்த கையோடு எங்கள் குடும்பத்துக்குப் பாடு வந்தது. இளவழகன் ஆசையாக ஏரியில் இறங்கப் புறப்பட்டான். தண்ணீரில் இறங்குகிறவன் போனைக் கொண்டுபோகமாட்டான். என்னிடம்தான் கொடுத்தான். "அம்மா ஃபோட்டோ கேட்டா காட்டுங்க பெரிப்பா" என்று சொல்லி, பூட்டைத் திறக்க விரலால் எப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்று என் எதிரிலேயே செய்து காட்டினான். முதல்நாள்தான் வேறொன்றும் காட்டியிருந்தான். யாரோ ஒரு பெண் பெயரில், வெளிநாட்டு எண்ணிலிருந்து அவனுக்குச் செய்திமேல் செய்தியாக வந்துகொண்டிருந்தது. எப்படி இருக்கிறீர்கள், எந்தக் கப்பல் என்று. "பாத்தீங்களா, எங்கள மாதிரி ஆளுங்களுக்குப் போடற தூண்டிலு. ஒரு வார்த்தை பதில் போட்டா போதும், வேலையும் பூடும், உள்ள தள்ளிடுவாங்க. லீவு முடிஞ்சு போய் இத மேல ரிப்போர்ட் பண்ணணும்" என்றான்.

அதனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

நல்ல வெயில் நேரம். வீட்டில் யாரும் இல்லை. அவன் தாய்க்கு அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொன்றாக அந்த எண்ணுக்கு அனுப்பினேன். பாடு வந்தது, பாடு முடிந்தது, கரை ஏற்றியது, எல்லாம். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், அதனால் எதுவும் எழுதவில்லை. பிறகு அந்த எண்ணோடு இருந்த பேச்சு முழுவதையும் அழித்தேன். அவன் ஒரு கூடை இறாலோடு திரும்பி வந்தான். பெரியதாகப் பொறுக்கி எடுத்து முதலில் எனக்குத்தான் கொடுத்தான். போன் எப்படியும் போகட்டும் என்பதுபோல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பெண்ணைத் தேடினானா, அவளே ஒழிந்தாள் என்று விட்டானா, எனக்குத் தெரியாது.

அந்த எண்ணை ஏற்கெனவே கண்காணித்துக்கொண்டிருந்தார்களாம். அவன் கப்பலுக்குத் திரும்பிச் சில வாரங்களிலேயே பிடித்தார்கள்.

அப்போது ஊருக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலியில் நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். வெளியாட்களிடம் மூத்தவர்தான் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். மற்றவர்களை வாய் திறக்க வேண்டாம் என்று நானும் சொல்லிவைத்திருந்தேன். தனக்கோடி அழுது மயங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிகாரி அந்தக் குரல்களைப் போட்டுக் காட்டினார். "இது வீட்டுப் பேச்சு என்று பையன் சொல்கிறான். பாடு என்பது ஏரியில் மீன்பிடி முறை, பெரியப்பாவைக் கேளுங்கள், அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது என்கிறான். நீங்கள் சொன்னால் போதும்" என்றார்.

அவன் என்னைத்தான் சாட்சியாகக் கேட்டிருக்கிறான்.

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "பாடுன்னா எங்க பக்கத்துல கஷ்டம்னுதான் அர்த்தம் சார். படாத பாடு படறோம்னு சொல்லுவோம். வேற எதுவும் தெரியாது. இந்தப் பேச்சு எங்க பேச்சு இல்ல. யாரோ சொல்லிக் குடுத்த பேச்சு மாதிரி கீது."

அவர் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். முதல் தலைக்கட்டின் மூத்தவன், பாடு என்றால் தெரியாது என்று சொன்னதை எல்லம்மன் கேட்டிருப்பாள். என் வீட்டுச் சொல்லை என் வாயால் இல்லை என்று சொன்னேன். அதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தனக்கோடி வீடு திரும்பியதும் என் காலில் விழுந்தாள். "மாமா, உங்களுக்குத் தெரியாதா? பெத்தவ பேச்ச எடுத்துக்க மாட்டேன்றாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா உட்டுருவாங்க மாமா" என்றாள். எழுந்திரு என்றேன். சட்டம் தன் வழியில் போகும் என்றேன். வலை வேலை திரும்பவும் என் வாசலுக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எல்லோரும் அவள் வாசலில்தான் போய் உட்கார்கிறார்கள். இப்போது போன்கூட வருவதில்லை, பேசாமல் உட்கார்ந்து வலையைப் பார்க்கிறார்கள். பாடு கூப்பிடும்போது உள்ளே இருக்கிற அவன் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். அவனுக்காகக் கோபால் இறங்கிப் பிடித்து, இறாலைத் தனக்கோடியிடம் கொடுக்கிறான். நான் எதிரிலேயே நிற்கிறேன், என் பெயரை முணுமுணுப்பாகச் சொல்கிறார்கள்.

இப்போது நீங்கள் அந்தச் செய்திகள் எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கின்றன என்று கண்டுபிடித்து, சேகரைக் கூட்டிவந்து வைத்திருக்கிறீர்கள். கடற்படையில் சேர முடியாத பொறாமையில் அவன் செய்தான் என்று நேற்றுப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். படம்கூட வந்திருக்கிறது. அதைப் பார்த்தபிறகுதான் கிளம்பி வந்தேன். அன்றைக்கு அவன் கம்பெனியில் இருந்தான். கேட்டுப் பாருங்கள். அவனுக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. தனக்கோடியைத் தவிர, இளவழகனைப் பார்க்க ஜெயிலுக்குப் போன ஒரே ஆள் பெரியப்பா மகனான அவன்தான். அவனுக்கு இந்த அளவுக்குத் தைரியமும் வராது.

செய்தது நான். அனுப்பியதும் நான், சொல்லை மாற்றிச் சொன்னதும் நான். இதை யார் கேட்டாலும் சொல்வேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். தம்பி மகன்மேல் ஒரு மூத்தவன் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்?

கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பேப்பரை ஒருமுறை காட்டுங்கள். இளவழகன் பெயரை மேலே எழுதி, என் பெயரைக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றி எழுதிக் கொடுங்கள், ஐயா. நான்தான் மூத்தவன்.