நான்காம் இடத்தில் நம் நகரம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பத்திரிகை ஆசிரியர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் கட்டுமானச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம் நண்பரின் மனைவியான தங்கச்சி, அவருடைய மகள், மருமகன், நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை அவர் நாற்காலியில் யாரோ தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன். பிறகு என் வேலையைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மாடியார். நம் ஊரைப் போன்ற மக்கள்தொகை உள்ள வேறு நான்கு ஊர்களையும் சேர்த்து, முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டிடங்கள் எந்த ஊரில் எத்தனை என்று ஆண்டுதோறும் பட்டியல் போட்டவர் மாடியார். படியேறியே எண்ணியவர் மாடியார். மேல்மாடிக்குப் போய் ஏதாவது ஒரு கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்பார். யாராவது கொடுத்தால் அந்தக் கட்டிடம் பட்டியலில் சேரும். ஆள் இல்லை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்றால் சேராது. மற்ற ஊர் நிருபர்களுக்கும் கடிதம் எழுதி, இதே முறையில் எண்ணவைத்தார். ஒருவர் பதில் எழுதினார்: "எண்ணி முடிச்சாச்சு சார், எங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு முழங்காலுக்கு வைத்தியச் செலவு கேட்டிருக்கோம்."

ஒரு காவலாளி அவரை மடக்கியது எனக்குத் தெரியும். நானும் கூட இருந்தேன்.

"லிஃப்ட் இருக்கே சார், எதுக்கு இந்த வேலை?"

"லிஃப்ட் இருபதாவது மாடியோட நின்னுருது தம்பி. நீங்க அதச் சொல்லலியே."

காவலாளி சிரித்துவிட்டார். வாயிற்கதவைத் திறந்தும் விட்டார்.

சென்ற ஆண்டு பட்டியல் வெளியாகும் வாரத்தில் அவர் மகளுக்குப் பிரசவம். பத்து நாள் விடுப்பு. நான்கு ஊர்களின் எண்ணிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நம் ஊருடையது மட்டும் இல்லை; அது அவர் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. நான் என்ன செய்தேன்? ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சங்கத்தில் கேட்டு வாங்கினேன். அறுபத்தொன்று என்றார்கள். தலைவர் அவர்கள் பொய் சொல்லவில்லை. மேல்தளம் வரை கான்கிரீட் போட்டு முடித்தவை அறுபத்தொன்று, அது உண்மை. மற்ற ஊர்களில் மனிதர்கள் குடியேறிய கட்டிடங்கள், நம் ஊரில் வெறும் கூடுகளும் சேர்த்து. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டவன் நான். "நம் நகரம் இரண்டாம் இடம்" என்று முதல் பக்கத்தில் தலைப்பு வைத்தவனும் நான்.

விடுப்பு முடிந்து வந்தவர், பேத்தி பிறந்ததற்கு எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"அண்ணே, அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே. யாரு ஏறிப் பார்த்தா?"

"யாரும் ஏறலப்பா."

"நான் எண்ணினதுல முப்பத்தெட்டுதான் தேறுச்சு. நாம நாலாவது."

"அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். ஊரே கொண்டாடிட்டு இருக்கு, இப்பப் போய்..."

"கொண்டாடட்டும்ணே. அதுக்காக நாலு ரெண்டாயிடுமா?"

அன்றே திருத்தம் எழுதி என் மேசையில் வைத்தார். நான் இழுப்பறைக்குள் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் "அண்ணே, அது என்னாச்சு?" என்பார். "பார்க்கலாம்பா" என்பேன். பதினொரு மாதம். சண்டை போட்டாரா? இல்லை. மேலிடத்துக்குப் போனாரா? இல்லை. போன வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

நேற்று முன்தினம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பேப்பர் வந்ததும் திருத்தம் போடுற மூலையத்தாண்ணே முதல்ல பார்ப்பாரு. இன்னிக்காவது வந்திருக்கும்பாரு. இனிமே நான் பார்க்கணுமா?"

காபியைக் குடித்து முடித்தேன்.

ஆசிரியர் அவர்களே, இதை உங்களிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். தனியாகக் கேட்டால் பார்க்கலாம் என்பீர்கள். பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்தத் திருத்தம் நாளை வர வேண்டும். மூலையில் அல்ல, முதல் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். மீதி இருபத்து மூன்று கட்டிடங்களையும் திங்கட்கிழமை முதல் நான் ஏறிப் பார்க்கிறேன். எனக்கு வயது அறுபதாகிறது, மெதுவாகத்தான் ஏறுவேன். ஆனால் ஏறுவேன்.

அவர் எழுதியது நான்கே வரி. படிக்கிறேன்.

"சென்ற வாரப் பட்டியலில் நம் நகரத்துக்கு இரண்டாம் இடம் என்று வெளியானது தவறு. குடியேறிய கட்டிடங்கள் முப்பத்தெட்டு; நம் இடம் நான்கு. பட்டியலைத் தொகுப்பவன் என்ற முறையில் இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்."

என் தவறைத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்த மூன்றாவது வரி இழுப்பறையில் கிடந்தது எனக்குத் தெரியாது. நேற்றுவரை நான் இதைப் பிரித்துப் படிக்கவே இல்லை. "சென்ற வார" என்பதைச் "சென்ற ஆண்டு" என்று திருத்தியிருக்கிறேன். மூன்றாவது வரியை அடித்துவிட்டு, அங்கே என் பெயரைப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் மாடியார் எழுதியபடியே இருக்கும்.