பெண்ணையாற்றில் ஆவி பறந்த அடை

குனிந்து ஓடுகிறேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர். மார்கழிக் குளிர். பின்னால், கடலூர்ப் பக்கத்துக் கரையில், டப் என்று ஒரு சத்தம். அப்புறம் இரண்டு. வலப்பக்கம் தண்ணீர் எகிறுகிறது. முன்னால் என் அக்கா கன்னியம்மா. பக்கத்தில் என் நாத்தனார் சவுந்தரி. எதிரே எங்கள் ஊர், குருவிநத்தம்.

காவலர்கள் எங்களை எதற்காகச் சுட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கோதுமை அடைக்காக. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனது. பாகூர்ப் பக்கம் நெல் விளைந்தும் எங்களைப் போன்ற கூலிக்காரர் வீட்டில் உலை ஏறவில்லை. என் மகள் ராசாத்திக்கு மூன்று வயது. கால் வீங்கிக் கிடந்தாள். அக்காவின் பையன்கள் இரண்டு பேரும் கீரைத்தண்டைத் தின்று கழிந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருந்தது பிரெஞ்சுக்காரன் சீமை. அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே பட்டாள முகாமுக்கு ரோடு போட்டார்கள். மண் சுமந்தால் சனிக்கிழமை கோதுமை மாவு. ஆனால் தானியமோ மாவோ ஆற்றைத் தாண்டக் கூடாது. சமைத்ததை மட்டும் கரைக் காவலர்கள் விட்டார்கள். அதனால் அங்கேயே அடையாகச் சுட்டோம். கொஞ்ச நாளில் அதையும் பிடுங்கினார்கள். பிறகு வயிற்றிலும் முதுகிலும் அடுக்கி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டோம்.

முகாமின் பஞ்சாபி சமையல்காரர் மாவை மெல்லிசாகத் தேய்த்து, தணலில் காட்டி எடுப்பார். எங்களுடையது கேழ்வரகு அடை தட்டிய கை. வெந்நீர் விட்டுப் பிசைந்து, விரல் தடிமனுக்குத் தட்டி, தகரத்தில் போட்டோம். தடியாக இருந்தால்தான் பசி தாங்கும் என்பது எங்கள் கணக்கு. அந்தத் தடிமனில் சூடு உள்ளேயே நின்றது.

அன்று ஞாயிறு விடியல். சுட்ட கையோடு கட்டிக்கொண்டு இறங்கினோம். வயிறு வெந்தது. பல்லைக் கடித்துக்கொண்டோம். நடு ஆற்றில் குளிர்காற்று பட்டது. மூன்று பேர் சேலையிலிருந்தும் ஆவி கிளம்பியது. பின்னால் கரையிலிருந்து காவலன் ஒருவன் கத்தினான்.

"பொகையுது! குண்டு கட்டினு போறாளுங்க! நில்லுங்கடி!"

ஜப்பான்காரன் வருகிறான் என்று கடற்கரையே நடுங்கிய நேரம். நின்றால் அடை போய்விடும். ஓடினோம்.

சவுந்தரி முதலில் விழுந்தாள். கழுத்தில் குண்டு. வாயிலிருந்து சத்தமே இல்லை. அக்கா திரும்பினாள். சவுந்தரியின் கூந்தலைப் பிடித்து இழுத்தபடி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"நீ ஓடுடி! வூட்டுக்கு ஓடு, புள்ளைங்களப் பாரு!"

அடுத்த குண்டு அக்காவின் முதுகில். அடையைத் துளைத்துக்கொண்டு போனது. இன்னொன்று என் இடது முழங்கையைச் சிதறடித்தது. வலக்கையால் அக்காவை நாணலுக்குள் இழுத்துப் போட்டேன். அவள் உடம்பு சுடச்சுட இருந்தது. உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். அது அடையின் சூடு.

காவலர்கள் ஆற்றில் இறங்கி வந்து சவுந்தரியைப் புரட்டினார்கள். சேலையைக் கிழித்தார்கள். அடைகள் தண்ணீரில் விழுந்தன.

"ஐயோ, ரொட்டிடா," என்றான் ஒருவன். அவ்வளவுதான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஐயோவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் வயிற்றில் இருந்தவை ஊறிக் கரைந்துவிட்டன. அக்காவின் இடுப்பில் மிஞ்சியவற்றை உருவினேன். ரத்தத்தை ஆற்றில் அலசினேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தேன். ராசாத்தி அள்ளித் தின்றாள். அக்காவின் பெரியவன் அடையின் ஓரத்தைப் பார்த்தான். தம்பியின் கையைத் தட்டிவிட்டான்.

"அம்மா ரத்தம்டா. துன்னாத."

அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் இரண்டு பேரும் தொடவில்லை.

போனவர்கள்: என் அக்கா கன்னியம்மா. என் நாத்தனார் சவுந்தரி, கல்யாணம் ஆகாதவள். பொங்கலுக்கு முன்பே, பசியில், அக்காவின் சின்னவன். முழங்கைக்குக் கீழே என் இடது கை. மூன்று பேர் கட்டிக்கொண்டு வந்ததில் என் மகள் தின்று பிழைத்தது ஒன்றரை அடை.