ஒரு வரி வசனம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. அன்றைக்கும் அப்படித் தூங்கியிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது.

சினிமாக் கம்பெனிக்காரர்கள் கடலில் முத்துக்குளிக்கும் சலாபத்துக் கதை எடுக்க வீடு தேடி வந்தபோது, நானாகத்தான் போய் என் வீட்டைக் காட்டினேன். டைரக்டர் கூடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். என் முகவெட்டைப் பார்த்துத்தான் ஆட்டினார் என்று நான் எடுத்துக்கொண்டேன். முத்து வியாபாரி வேஷத்தை நச்சரித்து வாங்கினேன். ஒரே வசனம்: "இந்த முத்து என் மகளுக்கு. கப்பலே வந்து நின்றாலும் கொடுக்க மாட்டேன்." என் உப்பளத்தில் நின்று உரக்கச் சொல்லிப் பழகினேன். முதலாளிக்கு வெயில் ஏறிவிட்டது என்று ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

லைட்டுக்காரர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். வாய் ஓயாது. வந்ததும் என் மின்விசிறியையும் ரேடியோவையும் அணைத்தார்.

"வீட்டுக் கரண்ட்டு இம்புட்டு லைட்டத் தாங்காது அண்ணாச்சி. பாதிய அடுத்த வீட்டு லைன்ல போடுதேன்."

இரும்பு ஸ்டாண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயரை இழுத்து, முற்றத்து மண்ணில் அறைந்த கம்பியில் கட்டினார். "இது எர்த்து. கரண்ட்டு கசிஞ்சா ஆள அடிக்காம மண்ணுக்குப் போயிரும். இத மட்டும் யாரும் தொடப்பிடாது" என்றார்.

காலையில் என் முகத்துக்கான லைட்டைப் போட்டபோதெல்லாம் என் வீட்டுப் பியூஸ் போயிற்று.

"அந்த லைட்டுல எங்கனயோ கரண்ட்டு கசியுது. சாப்பிட்டுட்டு வந்து பிரிச்சுப் பாக்கேன். சரியாவலன்னா உங்க சீன் நாளைக்குத்தான்."

நாளை என்பது எனக்குச் சரிப்படவில்லை. காயல்பட்டினத்து மூஸா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நிஜமான முத்து வியாபாரி. அவருடைய தாடியை டைரக்டர் ஆசையாகப் பார்த்ததை நான் கவனித்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த ஸ்டாண்டிலிருந்து எர்த்து வயரைக் கழற்றி ஜமுக்காளத்தின் அடியில் தள்ளினேன். லைட்டைப் போட்டேன். எரிந்தது. பியூஸ் போகவில்லை. பெரிய விஞ்ஞானி என்று என்னை மெச்சிக்கொண்டு ஸ்டாண்டைத் தட்டிக்கொடுத்தேன். சுரீரென்று முழங்கைவரை மரத்துப்போயிற்று. காலில் வேஷத்துக்குக் கொடுத்த தடித்த தோல்செருப்பு இருந்ததால் பிழைத்தேன்.

திரும்பி வந்தவரிடம், "சரியாப் போச்சுப்பா" என்றேன்.

"அதுவாவா?"

"அதுவாத்தான்."

"அப்பிடி ஆவாதே அண்ணாச்சி. ஒருக்க பாத்துக்கிடுதேன்."

அதற்குள் கதாநாயகிக்கு மணியாச்சி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று டைரக்டர் விரட்டினார். தரை பளபளக்க வேண்டுமென்று தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி சீனித்தாய். அவளை மட்டும் கூப்பிட்டு, "ஏளா, அந்த லைட்டுப் பக்கம் போவாத" என்றேன். நல்ல புருஷன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு.

காமிரா ஓடியது. மெயின் சுவிட்சு என் தோளுக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். மகளைப் பற்றிய பாதியைச் சொல்லி முடித்தேன். எதிரே தேவபிரசாதம் லைட்டைச் சற்றுத் திருப்ப வெறுங்காலோடு ஈரத்தரையில் வந்து ஸ்டாண்டைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூடத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

கீழே கிடத்தியபோது அவருக்கு மூச்சு இல்லை.

நான் பதறிப்போய் நின்றுவிட்டதாக டைரக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். பதறியிருந்தால் வசனம் உளறியிருக்கும், ஐயா. ஓர் எழுத்துப் பிசகவில்லை. 'கப்பலே' என்ற இடத்தில், பழகியபடி, கொஞ்சம் நிறுத்தியும் சொன்னேன். முழுவதையும் முடித்த பிறகுதான் மெயினை அணைத்தேன்.