நோலீனின் பூனைக்குட்டித் துப்பாக்கி

மெர்வ்: கண்ணைத் திறங்க அத்தான்.

லையல்: திறந்துதான இருக்கு.

மெர்வ்: இன்னும் மூடித்தான் இருக்கு.

லையல்: ...ஓ. சரி. பட்டுச்சா?

மெர்வ்: பட்டுச்சு.

லையல்: குறி அட்டையிலயா?

மெர்வ்: அட்டைக்கு இடது பக்கம் ஒரு வேலிக்கம்பம் இருந்துச்சே...

லையல்: ஆமா, இருக்கு.

மெர்வ்: பாதிதான் இருக்கு.

லையல்: போச்சுடா. என் தோளும் போச்சு மச்சான். கழுதை உதைச்ச மாதிரி இருக்கு.

மெர்வ்: கழுதை பின்னங்காலாலதான் உதைக்கும். இது நாலு காலாலயும் உதைக்குது.

லையல்: நேத்துப் பிறந்த ஆட்டுக்குட்டி எடைகூட இல்ல. இதுக்குள்ள எங்கேர்ந்துடா இவ்வளவு கோவம்?

மெர்வ்: எடை இல்லாததாலதான் கோவமே. உங்க பழைய மரக்கட்டைத் துப்பாக்கியும் இதே தோட்டாதான் திங்குது. ஆனா அது எருமை. வெடிச்சா பாதி உதையை அதுவே வாங்கிக்கும். இது கொசு. மொத்தத்தையும் உங்க தோள்ல கொண்டுவந்து கொட்டிட்டு, எனக்கென்னன்னு நிக்குது.

லையல்: இவ்வளவு தெரிஞ்சவன் நீயே சுடு. உன் முறை.

மெர்வ்: நான் இப்பத்தான சுட்டேன்!

லையல்: அது ஸ்கோன் ரொட்டி திங்கறதுக்கு முன்னாடி.

மெர்வ்: நான் இன்னும் ஸ்கோன் தின்னு முடிக்கல. பாருங்க, வாயில இருக்கு.

லையல்: டேய், விளையாடாத. உங்க அக்கா வெள்ளிக்கிழமை இதைத் தூக்கிட்டு வரையாடு வேட்டைக்குப் போறா. கூட மூணு பொம்பளைங்க. ஹெலிகாப்டர்லாம் பேசி வச்சு வருஷம் பூரா காத்துக்கிட்டிருக்கா. இந்த நிலைமையில அவ சுட்டா, வரையாடு அங்கயே நின்னு புல்லு மேயும். பக்கத்து மலைதான் சாகும்.

மெர்வ்: அதைக் கீழ போட்டது யாரு?

லையல்: எடுத்துச் சுட்டுப் பாப்போம்னு சொன்னது யாரு?

மெர்வ்: முந்தா நாள் சாப்பாட்டு மேசையில அக்கா என்ன சொல்லுச்சு? "என் புதுத் துப்பாக்கி பூனைக்குட்டி மாதிரி. அதெல்லாம் உங்க ரெண்டு பேர் தோளுக்கு ஆகாது. நீங்க போய் முயல் சுடுங்க"ன்னுச்சா இல்லையா? அதைக் கேட்டுட்டு நம்ம சும்மா இருக்கணுமா?

லையல்: ஆமா, சும்மா இருந்திருக்கணும்.

மெர்வ்: அக்கா, சிநேகிதி ஷோனாவைப் பாக்க டிமாரு டவுனுக்கு வண்டியெடுத்த அஞ்சாவது நிமிஷம் துப்பாக்கிப் பெட்டிச் சாவியோட நின்னது நீங்கதான்.

லையல்: ஒரே ஒரு தடவைன்னு சொன்னேன்.

மெர்வ்: ஒரே ஒரு தடவைதான் சுட்டீங்க. அதுக்கே துப்பாக்கி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்.

லையல்: பாறையில விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குடா. குறி பாக்குற குழாய் எவ்வளவு கோணிச்சுன்னு தெரியல. சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள திருகித் திருகி நேராக்கிடணும்.

மெர்வ்: திருகறது சுலபம். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தடவை சுட்டுப் பாக்கணுமே, அதுதான்...

லையல்: அதுதான்.

மெர்வ்: உங்க புருவத்துக் காயத்தை முதல்ல என்ன பண்றது?

லையல்: ரொம்பத் தெரியுதா?

மெர்வ்: குழாய் விளிம்பு பிறை மாதிரி அளவெடுத்து வெட்டியிருக்கு. ஊர்ல எந்த வேட்டைக்காரன் பாத்தாலும் என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுவான்.

லையல்: அதை அப்புறம் பாத்துக்கலாம். இந்தா, இதைத் தோள்ல வச்சுக்கிட்டுச் சுடு.

மெர்வ்: என்னது இது?

லையல்: உங்க அக்காவோட வீட்டுச் செருப்பு. ஆட்டுத்தோல். மெத்துன்னு இருக்கும்.

மெர்வ்: இதை என் மூக்குக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றீங்க.

லையல்: வீரனுக்கு வாசனை தெரியாது. சுடு.

மெர்வ்: காத்து நிக்கட்டும்.

லையல்: இந்த ஊர்ல காத்து என்னிக்குடா நின்னுச்சு? சுடு!

மெர்வ்: என்ன? காதுமூடி போட்டிருக்கேன், கேக்கல.

லையல்: சுடுன்னேன்!

மெர்வ்: என்னது, விடுன்னா சொன்னீங்க?

லையல்: மெர்வ்!

மெர்வ்: சுடறேன், சுடறேன்... ஒண்ணு... ரெண்டு... ஆத்தாடி!

லையல்: செருப்பு எங்க?

மெர்வ்: நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?

லையல்: நீதான் கண்ணு முன்னாடி இருக்கியே. செருப்பைத்தான் காணோம்.

மெர்வ்: அந்தா, நாய் கவ்விக்கிட்டு ஓடுது.

லையல்: டிப்! ஏய் டிப்! கீழ போடு! ...போயிட்டான். குண்டு எங்க போச்சு?

மெர்வ்: வேலிக்கம்பத்தோட மிச்சப் பாதி.

லையல்: வேணும்னே அதையே பாத்துச் சுட்டாக்கூட அப்படிப் படாதுடா.

மெர்வ்: அத்தான், எனக்கு ஒரு சந்தேகம். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க. தோட்டா நான் போட்டுத் தர்றேன்.

லையல்: ஏன், நான் போட்டா போகாதா?

மெர்வ்: திரும்புங்கன்னா திரும்புங்களேன். ...ம், இந்தாங்க. உக்காருங்க. சுடுங்க.

லையல்: மூச்சை இழுத்து... பாதி விட்டு... யம்மா! முடிஞ்சுது மச்சான். தோள்பட்டை கழண்டுருச்சு.

மெர்வ்: அத்தான்.

லையல்: வண்டியை எடு. டாக்டர்கிட்ட போவோம்.

மெர்வ்: அத்தான், வெடிக்கவே இல்ல.

லையல்: என்னது?

மெர்வ்: நீங்க காலைல சுட்டுப் போட்ட வெறும் கூட்டைத்தான் உள்ள வச்சேன். மருந்தும் இல்ல, குண்டும் இல்ல. "டிக்"னு ஒரு சத்தம். அதுக்கு நீங்க அம்மாவைக் கூப்பிட்டு, நாற்காலியோட மல்லாந்துட்டீங்க.

லையல்: ...வலிச்சுதேடா.

மெர்வ்: அதைத்தான் சொல்றேன். துப்பாக்கி உதைக்கறதுக்கு முன்னாடியே நீங்க உதை வாங்கிக்கறீங்க. கண்ணை மூடறீங்க, தோளை இழுத்துக்கறீங்க, விரல் வெடுக்குன்னு இழுக்குது. அப்புறம் குண்டு எப்படி அட்டைக்குப் போகும்?

லையல்: சரி. இப்ப நீ திரும்பு.

மெர்வ்: நான் எதுக்கு? கண்டுபிடிச்சதே நான்தான?

லையல்: திரும்புடா. ...ம். வா, உக்காரு.

மெர்வ்: எனக்குத் தெரியாதா, அதே வெறும் கூடுதான உள்ள இருக்கு? பாத்துக்கங்க. உடம்பு எப்படித் தளர்வா இருக்கு, விரல் எப்படி மெதுவா அழுத்துது, கண்ணை இமைக்காம... ஐயோ!

லையல்: நிஜத் தோட்டா.

மெர்வ்: கொலைகாரா!

லையல்: அட்டையைப் பாரு.

மெர்வ்: அக்கா புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன்...

லையல்: டேய், அட்டையைப் பாருடா.

மெர்வ்: ...அட. ஓட்டை.

லையல்: அட்டையிலயே இருக்கு. நடுவுலேர்ந்து கொஞ்சம்தான் வலது பக்கம் தள்ளி. உதை வரும்னு நீ நினைக்கல, அதனால ஒழுங்காச் சுட்டுட்டே.

மெர்வ்: அப்ப ஒவ்வொரு தடவையும் நீங்க என்னை ஏமாத்திக்கிட்டே இருக்கணுமா?

லையல்: எனக்கு ஆட்சேபணை இல்ல.

மெர்வ்: வேணாம் சாமி. உதையையே குறைச்சுடுவோம், அப்ப பயமும் தானா குறையும். என் துப்பாக்கி வாய்ல ஒரு சைலன்சர் இருக்குல்ல? அதைக் கழட்டி இதுல மாட்டிடலாம். மரை ஒரே அளவுதான். வெடிக்கிற புகையை அது பிடிச்சு வச்சு மெதுவா விடும், உதை நல்லாக் குறையும். வண்டியில என் ரப்பர் மெத்தைகூடக் கிடக்கு. துப்பாக்கிக் கட்டையோட பின்பக்கத்துல உறை மாதிரி மாட்டிக்கலாம்.

லையல்: ...இதை நீ காலைலயே சொல்லியிருக்கலாமே?

மெர்வ்: நீங்க கேக்கலையே.

லையல்: செருப்பை மோந்துக்கிட்டுச் சுட்டியேடா!

மெர்வ்: எடை கூடிரும்னு அக்கா திட்டுமேன்னு பாத்தேன். "கையில இருக்கிறதே தெரியக்கூடாது"ன்னு சொல்லித்தான் இதைப் பிடிவாதமா வாங்குச்சு. சுட்டு முடிச்சதும் கழட்டிடலாம். வாங்க, மாட்டியாச்சு. எலும்பு மேல வைக்காதீங்க. தோளுக்கு உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அங்க. இன்னும் இறுக்கி.

லையல்: இறுக்கினா இன்னும் வலிக்குமேடா.

மெர்வ்: இடைவெளி விட்டாத்தான் ஓடி வந்து குத்தும். ஒட்டி வச்சா தள்ளும், அவ்வளவுதான். முன்னாடி சாய்ங்க. குழாய்லேர்ந்து கண்ணைத் தள்ளி வைங்க... இன்னும். ஒரு புருவமாவது முழுசா இருக்கட்டும்.

லையல்: உள்ள இருக்கிறது நிஜத் தோட்டாவா, வெறும் கூடா?

மெர்வ்: சொல்ல மாட்டேன்.

லையல்: பாவி. ...ம். ...அட?

மெர்வ்: என்ன?

லையல்: அவ்வளவுதானா?

மெர்வ்: அவ்வளவுதான்.

லையல்: யாரோ தோள்ல கை வச்சு "கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சுடா. இன்னொண்ணு குடு!

மெர்வ்: இது என் முறை.

லையல்: போடா, நான்தான் சுடுவேன்.

மெர்வ்: காலைலேர்ந்து உன் முறை உன் முறைன்னீங்க, இப்ப மட்டும்... சரி, அந்தத் திருகை இடது பக்கம் ரெண்டு தடவை நகத்துங்க. போதும். சுடுங்க.

லையல்: ...எப்படி?

மெர்வ்: நட்ட நடு. அத்தான், நட்ட நடு!

லையல்: டேய் மச்சான், நம்ம ரெண்டு பேரும் மேதைங்கடா.

மெர்வ்: அந்தத் தூசி என்ன?

லையல்: எந்தத் தூசி?

மெர்வ்: பாதையில. கார்.

லையல்: ...சாயங்காலம்தான வர்றேன்னா!

மெர்வ்: கழட்டுங்க, கழட்டுங்க! சைலன்சரைக் கழட்டுங்க!

லையல்: ஆ! கொதிக்குதுடா!

மெர்வ்: பின்ன, இத்தனை தடவை சுட்டா? துணி எங்க?

லையல்: செருப்புல பிடிச்சுக் கழட்டலாம்னா அதையும் நாய்... மறை, மறை! நீ முன்னாடி நில்லு!

நோலீன்: என்ன நடக்குது இங்க?

லையல்: வா நோலீன்! சீக்கிரம் வந்துட்டே! ஷோனா எப்படி இருக்கா?

நோலீன்: புருவத்துல என்ன?

லையல்: கதவு இடிச்சிருச்சு.

மெர்வ்: கிடா முட்டிருச்சு அக்கா.

நோலீன்: ...கதவா, கிடாவா?

லையல்: கிடா... கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு.

மெர்வ்: அது கதவை முட்டிச்சு, கதவு அத்தானை முட்டிச்சு.

நோலீன்: தள்ளி நில்லுடா மெர்வ். உனக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறது என்ன?

லையல்: அவன் மேல தப்பில்ல. நான்தான் எடுத்தேன். நீ பூனைக்குட்டின்னு சொன்னியா, ஒரு தடவை சுட்டுப் பாக்கலாம்னு... அது முகத்துல அறைஞ்சு, கைதவறி பாறையில போட்டுட்டேன். ஆனா குறியைச் சரி பண்ணிட்டோம். நடுவுலயே படுது. இந்தச் சைலன்சர் ஆறினதும் கழட்டிடறேன், ரப்பரையும் எடுத்துடறேன். பழையபடி லேசா ஆயிடும். மன்னிச்சுக்க.

நோலீன்: அதுல கை வச்சே, தெரியும் சேதி.

லையல்: இல்ல, கழட்டத்தான்...

நோலீன்: கழட்டாதேன்னுதான் சொல்றேன். ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

மெர்வ்: எடை கூடுமே அக்கா?

நோலீன்: கூடட்டும்.

லையல்: பூனைக்குட்டின்னு சொன்னியே?

நோலீன்: அன்னிக்கு வரைக்கும் நான் அதைச் சுட்டுப் பாக்கலையே.

மெர்வ்: அப்ப எப்ப சுட்டே? ...அக்கா, இந்த வெயில்ல எதுக்குக் கம்பளித் தொப்பி?

நோலீன்: இன்னிக்கு விடியக்காலம், நீங்க ரெண்டு பேரும் குறட்டை விட்டப்ப. ஷோனா வீட்டுக்கெல்லாம் நான் போகவே இல்ல, டிமாருல ஆஸ்பத்திரிக்குப் போய் புருவத்துல நாலு தையல் போட்டுக்கிட்டு வர்றேன். தொப்பியைக் கழட்டறேன், எவனும் சிரிக்கக்கூடாது... டாக்டர்கிட்ட கிடா முட்டிருச்சுன்னு சொல்லியிருக்கேன்.