குளத்துக்கரைச் சின்னப் பூக்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ச்சங்கத் தலைவர் மொமோசே ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, விடிகாலையில் முட்டைக்கோஸ் வெட்டிய கை காயுமுன் வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்று சிரிக்கும் என் வகுப்புத் தோழர்களே, ஒகுஹாரா வீட்டு ஷியோரியின் பணிவான வணக்கம்.

 

வரும் ஞாயிறு, முன்னோரை வரவேற்கும் ஓபோன் பண்டிகைக்கு முன் ஊரே கூடிப் புல் வெட்டும் நாள். அன்று குளத்துக்கரையில் நிற்கும் ஊதா நிற உத்சுபோ பூக்களை வேரோடு எடுத்துவிட்டு, மலைமேல் பூக்கும் பெரிய உத்சுபோவின் விதையைத் தூவ வேண்டும். இதுதானே இன்றைய தீர்மானம்?

பெரிய பூ அழகுதான். படத்தில் எடுப்பாக விழும்தான். ஆனால் பூ யாருக்காகப் பெரிதாகிறது? பேருந்தில் வரும் சுற்றுலா விருந்தினருக்காகவா? நமக்காகவா?

வண்டுக்காக. மலைமேல் பெரிய வண்டு, நீண்ட நாக்கு; அதனால் பூவின் குழலும் நீளம். குளத்துக்கரையில் சிறிய வண்டு, குட்டை நாக்கு. அதனால் பூவும் சிறியது. மூன்று கோடைகள் அளவுகோலோடு மண்ணில் குப்புறப் படுத்து அளந்திருக்கிறேன். வண்டு பெருத்த இடத்தில் பூ பெருத்தது. வண்டு சிறுத்த இடத்தில் பூ சிறுத்தது.

பேருந்து நிறுத்தத்து நிலம் நினைவிருக்கிறதா? அங்கிருந்த சின்னப் பூக்களை அகற்றிப் பெரியதை விதைத்தோம். மலையேறி, ஆகப் பெரிய பூக்களாகப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டி, காய்ந்தபின் கதிர் பறித்து வந்தவள் நான். எனக்குப் பாராட்டும் கிடைத்தது. நம் வண்டுகளுக்கு அந்தக் குழலில் நாக்கு எட்டவில்லை. அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடின. மகரந்தத்தைத் தொடவே இல்லை. விதை பிடிக்கவில்லை. இன்று பாதி நிலம் வெறும் மண்.

பெரிய பூ யோசனையைக் கொண்டுவந்தவரும் நம் கோஸுக்கு லாரி அனுப்புகிறவருமான கமிஜோ மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"எட்டலன்னா எக்கிக் குடிக்கட்டும். நீயும் குள்ளம்தான், அலமாரில இருக்கிறத எடுக்கலையா?"

"நான் ஸ்டூல் போட்டு எடுப்பேன் மாமா. வண்டுக்கு யாரு ஸ்டூல் போடுவா?"

"போம்மா ஷியோ. உரம் வச்சா எல்லாம் சரியாயிடும்."

சிரியுங்கள். மாமாவே சிரிக்கிறார். ஆனால் உரம் வைத்து ஓராண்டாயிற்று. மண்தான் கொழுத்திருக்கிறது.

நான் பேசப் போவது தெரிந்ததும் அம்மா சொன்னாள்: "நீ வாயத் திறந்தா நாளைக்கு நம்ம கோஸ ஏத்த யாருடி லாரி அனுப்புவா?" ஓர் அம்மா மகளிடம் இப்படிக் கேட்கும்படி நாம் வாழ்கிறோம். இங்கே யாரும் கெட்டவரில்லை. யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

"மறுப்பு உண்டா?" என்று தலைவர் கேட்பார். ஒரு கணம் காத்திருப்பார். நாம் கைதட்டுவோம். தட்டினால் தீர்மானம் நிறைவேறியது. பேருந்து நிறுத்தத்து நிலத்துக்காகக் கேட்ட அன்றும் நீங்கள் தட்டினீர்கள். நானும் தட்டினேன், எல்லோரையும்விடப் பலமாக.

இப்போதும் கேட்பார். குளத்துக்கரையில் மிஞ்சியது நாற்பது அடி நீளம். அதுவும் போனால் இந்த ஊரின் சின்னப் பூவுக்கு விதை எங்கும் இல்லை. எழுந்து மறுத்துப் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது எவ்வளவு கடினம் என்று இங்கே நிற்கிற என் கால்களுக்குத் தெரியும். கைகளை மடியிலேயே வைத்திருங்கள். என்னைப் பாராட்டக்கூடத் தட்டாதீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று சங்கக் குறிப்பில் எழுதமாட்டார்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. உங்கள் மௌனத்தை நம்பி, குனிந்து வணங்கி இறங்குகிறேன்.